நெட் எங்கே அறுகிறது என்று பார்த்துவிட்டு ரவுட்டர் வாங்குங்கள்

கேள்வி:

நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆன்லைனில் கணக்கு சொல்லித்தருகிறேன். வீட்டில் ஃபைபர் நெட். நெட்காரர் வைத்த பெட்டி கீழே ஹாலில் இருக்கிறது. வகுப்பு எடுப்பது மாடி அறையில். மாடியில் சிக்னல் போதவில்லை என்று என் தம்பி கீழிருந்து கேபிள் இழுத்து, வீட்டில் கிடந்த பழைய ரவுட்டரை மாடியில் வைத்துக் கொடுத்தான். அதே மாதத்தில் லேப்டாப் மெதுவாக இருக்கிறதென்று கடையில் கொடுத்து எஸ்எஸ்டியும் (கோப்புகள் இருக்கும் டிஸ்க்) மாற்றினோம். அதன் பிறகு நெட் அடிக்கடி போகிறது. சில நேரம் வைஃபை இருக்கிறது, ஆனால் ‘நோ இன்டர்நெட்’ என்று காட்டுகிறது. சில நேரம் வைஃபை அடையாளமே காணாமல் போய்விடுகிறது. ஆஃப் செய்து ஆன் செய்தால் சில முறை வருகிறது, சில முறை வருவதில்லை. அதே அறையில் என் போன் நன்றாக ஓடுகிறது. கடைக்காரர் விண்டோஸை ஃபார்மட் செய்து கொடுத்தும் பலன் இல்லை. நெட்காரர் லைன் சரியாக இருக்கிறது என்கிறார். இப்போது புது ரவுட்டர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

– ஓர் ஆசிரியை, புதுக்கோட்டை

பதில்:

வணக்கம் டீச்சர். ரவுட்டர் இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் பிரச்சினையை இதுவரை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். கடைக்காரர் லேப்டாப்பை மட்டும் பார்த்தார், நெட்காரர் லைனை மட்டும் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே உங்கள் வீட்டுக்குள் ஓடும் கேபிளையும் மாடியில் உட்கார்ந்திருக்கும் பழைய ரவுட்டரையும் யாரும் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. லைன் சரியாக இருக்கிறது என்று நெட்காரர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஃபார்மட் செய்த லேப்டாப்பும் சுத்தமாகவே இருக்கலாம். அப்படியும் நெட் போகும். அது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. நீங்கள் ஒரே கோளாறு என்று எழுதியிருப்பது எனக்கு இரண்டு கோளாறாகத் தெரிகிறது. வைஃபை இருந்தும் ‘நோ இன்டர்நெட்’ என்று வருவது ஒன்று. வைஃபை அடையாளமே மறைந்துபோவது வேறொன்று. முதலாவதில் உங்கள் லேப்டாப்பும் ரவுட்டரும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. அதற்கு அப்பால் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது. இரண்டாவதில் லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டே எழுந்து போய்விடுகிறது. இந்த இரண்டுக்கும் ஒரே மருந்து தேடினால் கிடைக்காது. ஒரே மாதத்தில் மாடி ரவுட்டரும் வந்து, லேப்டாப்பும் திறக்கப்பட்டதால் எல்லாம் கலந்து குழம்பிவிட்டது.

அப்புறம், போன். “அதே அறையில் போன் நன்றாக ஓடுகிறது” என்று எல்லோரும் சொல்வார்கள்; அதை நம்பித்தான் லேப்டாப்பின் மீது பழி விழுகிறது. இன்றைய போன்களில் பெரும்பாலானவை வைஃபையில் நெட் வரவில்லை என்று தெரிந்தால் உங்களிடம் கேட்காமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். மேலே வைஃபை அடையாளம் இருந்தாலும் உள்ளே ஓடுவது சிம் டேட்டாவாக இருக்கலாம். எனவே போனை ஒப்பிட வேண்டுமென்றால் முதலில் அதில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். லேப்டாப்பில் ‘நோ இன்டர்நெட்’ வரும் அதே நிமிடத்தில் போனிலும் நெட் நின்றால், இத்தனை நாள் லேப்டாப்பைத் திட்டியது வீண்.

இப்போது மாடி ரவுட்டருக்கு வருகிறேன். என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது.

நெட்காரர் வைத்த பெட்டிக்குள் ஒரு சின்ன வேலை ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் புதிதாக ஒரு போனோ டிவியோ லேப்டாப்போ சேரும்போது, “உனக்கு இந்த எண், வெளியே போக வேண்டுமென்றால் என் வழியாகப் போ” என்று சொல்லி ஓர் ஐபி முகவரி கொடுக்கும். இதற்குப் பெயர் டிஹெச்சிபி. ஒரு வீட்டில் இந்த வேலையை ஒருவர்தான் செய்ய வேண்டும். ஆனால் பழைய ரவுட்டரும் ஒரு காலத்தில் தனியாகக் குடும்பம் நடத்தியதுதானே. அதிலும் டிஹெச்சிபி ஆன் ஆகவே இருக்கும். உங்கள் தம்பி கீழிருந்து வரும் கேபிளை அதன் மஞ்சள் நிறத் துளை ஒன்றில் செருகியிருந்தால், அதாவது லேன் போர்ட்டில் செருகியிருந்தால், இப்போது வீட்டில் இரண்டு பேர் எண் கொடுக்கிறார்கள். லேப்டாப் கேட்கும்போது யார் முந்திப் பதில் சொல்கிறாரோ அவர் பேச்சைத்தான் அது கேட்கும். கீழ்ப்பெட்டி முந்தினால் நெட் வரும். மாடி ரவுட்டர் முந்தினால், “வெளியே போக என்னிடம் வா” என்று அழைத்துக்கொள்ளும். அதற்கோ வெளியே போக வழியே கிடையாது. லேப்டாப்பில் ‘நோ இன்டர்நெட்’. வைஃபையை ஆஃப் செய்து ஆன் செய்தால் மறுபடியும் ஒரு போட்டி, மறுபடியும் யாரோ ஒருவர் முந்துகிறார். சில முறை வருகிறது, சில முறை வருவதில்லை என்று நீங்கள் எழுதியதற்கு இது அப்படியே பொருந்துகிறது.

இதைவிடத் தொல்லை இன்னொன்று உண்டு. பல நிறுவனங்களின் ரவுட்டர்கள் கடையிலிருந்து வரும்போதே 192.168.1.1 என்ற முகவரியோடுதான் வருகின்றன. கீழ்ப்பெட்டிக்கும் அதே எண், மாடி ரவுட்டருக்கும் அதே எண் என்றால், ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கும் 14-ஆம் நம்பர் போட்ட கதைதான். தபால் இன்று இங்கே போகும், நாளை அங்கே போகும். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நடுவில் அறுவது இதனால்தான் அதிகம். நெட்காரர் ஏன் கையை விரித்தார் என்பதும் இதில் புரியும். அவர் பார்ப்பது கீழ்ப்பெட்டி வரைதான். அங்கே எல்லாம் பச்சை விளக்கு.

சரி, இதை எப்படி உறுதி செய்வது? கட்டளை எதுவும் தட்டாமல் செய்யக்கூடிய வழி முதலில். ஒரு நாள் மாலை மாடி ரவுட்டரின் பவரை அணைத்து, கீழிருந்து வரும் கேபிளையும் கழற்றிவிடுங்கள். லேப்டாப்பைக் கீழே ஹாலுக்குக் கொண்டுபோய் அங்கேயே வகுப்பு எடுங்கள். வீட்டில் நடமாட்டம் இருக்கும், பிள்ளைகளுக்கு மிக்ஸி சத்தமும் கேட்கும், பரவாயில்லை. ‘நோ இன்டர்நெட்’ அன்று ஒருமுறைகூட வரவில்லையென்றால் குற்றவாளி ஏறக்குறைய பிடிபட்டாயிற்று. இன்னொன்றும் வீட்டில் கேட்டுப் பாருங்கள்: ஹாலில் இருக்கும் டிவியில் யூடியூப் எப்போதாவது காரணமில்லாமல் நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வருகிறதா? இரண்டு டிஹெச்சிபி சண்டை லேப்டாப்போடு நிற்காது, வீட்டில் எல்லோரையும் தொடும். அவரவர் அவரவர் சாதனத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கண்ணாலேயே பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்றால் இதோ. கட்டளைகளை நான் தமிழ் உச்சரிப்பில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டுங்கள். விண்டோஸில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி சிஎம்டி என்று தட்டினால் கறுப்புத் திரை வரும். நெட் நன்றாக ஓடும் ஒரு நேரத்தில் அதில் ஐபிகான்ஃபிக் என்று இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகத் தட்டி என்டர் கொடுங்கள். வரும் வரிகளில் ‘டீஃபால்ட் கேட்வே’ என்ற ஒன்றைத் தேடுங்கள். அதற்கு எதிரே இருக்கும் எண்தான் லேப்டாப் வெளியே போகும் வாசல். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 192.168.1.1 என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். உங்களுக்கு வேறு எண் வந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து ஏஆர்பி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, மைனஸ் குறியும் ஏ எழுத்தும் சேர்த்து என்டர். ஒரு பட்டியல் வரும். அதில் 192.168.1.1-க்கு நேராக, இரண்டிரண்டு எழுத்தாக ஆறு ஜோடிகள் நடுவில் கோடு போட்டு இருக்கும். எண்ணும் எழுத்தும் கலந்த அந்த வரிசைதான் அந்தப் பெட்டியின் வன்பொருள் முகவரி. மேக் அட்ரஸ் என்பார்கள். அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள், அல்லது திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நெட் போகும்போது, எதையும் தொடாமல், வைஃபையை ஆஃப் செய்து ஆன் செய்வதற்கு முன், இதே இரண்டு கட்டளைகளையும் மறுபடி தட்டுங்கள். கேட்வே எண்ணே மாறியிருந்தால் மாடி ரவுட்டர் முந்திவிட்டது என்று பொருள். கேட்வே எண் அதேதான், ஆனால் எதிரே உள்ள ஆறு ஜோடி மாறியிருந்தால், ஒரே எண்ணில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. மாடி ரவுட்டரைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். அந்த ஆறு ஜோடி அங்கே அச்சிட்டிருக்கும். கடைசி ஜோடி மட்டும் ஒன்றிரண்டு எண் முன்னே பின்னே இருக்கலாம், அது பிரச்சினையில்லை.

இந்த ஆஃப்-ஆன் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. நெட் போனதும் கை தானாக அங்கே போகும். ஆனால் அப்படிச் செய்த மறுநொடியே ஆதாரம் அழிந்துவிடுகிறது. ஒரே ஒரு முறை, வகுப்பு இல்லாத நேரமாகப் பார்த்து, அந்தக் கையைக் கட்டிப் போடுங்கள்.

உறுதியானால் தீர்வு எளிது, செலவும் இல்லை. செய்யும் வரிசை மட்டும் முக்கியம். முதலில் கீழிருந்து வரும் கேபிளை மாடி ரவுட்டரிலிருந்து கழற்றுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் திறப்பது எந்தப் பெட்டியின் பக்கம் என்றே குழப்பம் வரும். லேப்டாப்பை மாடி ரவுட்டரோடு மட்டும் இணைத்து, அதன் ஸ்டிக்கரில் உள்ள முகவரியை பிரவுசரில் தட்டி உள்ளே போங்கள். பாஸ்வேர்டு தம்பிக்கும் மறந்துபோயிருந்தால், பின்னால் இருக்கும் ரீசெட் துளையில் ஒரு குண்டூசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தினால் அது தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். சில ரவுட்டர்களில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோடு’ என்று ஒரே ஒரு தேர்வு இருக்கும். அது இருந்தால் அதை வைத்துச் சேமித்து, கேபிளை மறுபடி செருகிவிடுங்கள், தீர்ந்தது.

இல்லையென்றால், லேன் அமைப்பு என்ற பகுதியில் அதன் முகவரியை 192.168.1.250 என்று மாற்றிச் சேமியுங்கள். ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழும். இனி அந்தப் புது எண்ணில்தான் அதைத் திறக்க முடியும். திறந்து, டிஹெச்சிபி சர்வரை அணைத்துச் சேமியுங்கள். முகவரியை மாற்றும் முன்பே டிஹெச்சிபியை அணைத்துவிட்டால் உங்கள் லேப்டாப்புக்கு எண் கிடைக்காமல் உள்ளேயே போக முடியாமல் போகலாம். அதனால்தான் இந்த வரிசை. கடைசியில் கீழ்ப்பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து வரும் கேபிளை மாடி ரவுட்டரின் லேன் போர்ட்டில், பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருப்பதில், செருகுங்கள். தனியாக நீல நிறத்தில் இருக்கும் வேன் போர்ட் சும்மா கிடக்கட்டும். நான் 250 என்று சொன்னது, கீழ்ப்பெட்டி மற்றவர்களுக்குப் பங்கிடும் எண்களுக்கு வெளியே இருக்கட்டும் என்றுதான். கீழ்ப்பெட்டியின் டிஹெச்சிபி பக்கத்தில் தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் இருக்கும். அது 254 வரை பங்கிடுகிறது என்றால் முடிவை 200 ஆக்கிவிடுங்கள்.

கையோடு மாடி வைஃபைக்குக் கீழே இருப்பதிலிருந்து வேறு பெயர் வைத்துவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் லேப்டாப் மாடியில் உட்கார்ந்துகொண்டு கீழ்ப்பெட்டியின் பலவீனமான சிக்னலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும், உங்களுக்கும் தெரியாது. ‘மாடி’ என்றே வைத்தாலும் போதும்.

மாடி ரவுட்டரைக் கழற்றிய பிறகும் ‘நோ இன்டர்நெட்’ வருகிறது என்றால்தான் வெளியே பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு கறுப்புத் திரைகளைத் திறந்து வையுங்கள். ஒன்றில் பிங், இடைவெளி, 192.168.1.1, இடைவெளி, மைனஸ் குறியோடு டி. இன்னொன்றில் அதேபோல, எண் மட்டும் 8.8.8.8, அது கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரி. இரண்டும் விநாடிக்கொரு வரியாக ஓடிக்கொண்டே இருக்கும். வகுப்பு நடக்கும்போது ஓரத்தில் ஓடட்டும், பாரம் ஒன்றும் இல்லை. நெட் போகும்போது முதல் திரை ஓடிக்கொண்டிருக்க, இரண்டாவது மட்டும் ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ என்றால், வீட்டுக்குள் வழி சரி. லைன் பக்கம் கோளாறு. அப்போது கீழே போய்ப் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக இருந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை என்று பொருள். அதைப் படம் எடுத்து நெட்காரருக்கு அனுப்புங்கள், விவாதமே இருக்காது. முதல் திரையும் சேர்ந்து நின்றால் வீட்டு வைஃபையில் பிரச்சினை, அல்லது கீழ்ப்பெட்டியே அணைந்து எழுகிறது. இரண்டும் ஓடுகின்றன, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் சேவை தடுமாறுகிறது. லேப்டாப்பின் வைஃபை அமைப்பில் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று கையால் போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரே எண்ணில் இரண்டு பெட்டிகள் இருக்கும்போது இந்தப் பிங் சோதனை உங்களை ஏமாற்றிவிடும். தவறான பெட்டியும் 192.168.1.1 என்ற பெயரில் ஒழுங்காகப் பதில் சொல்லும். முதல் திரை பிரமாதமாக ஓடும். இரண்டாவது மட்டும் நிற்கும். பழி நேராக லைன் மேல் விழும். மாடி ரவுட்டர் சங்கதியை முதலில் முடியுங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

இரண்டு திரையும் சேர்ந்து நின்றதென்றால் கீழ்ப்பெட்டியின் பவரையும் பாருங்கள். கீழ்ப்பெட்டியின் பவர் அடாப்டர் பலவீனமாகி, மின்னழுத்தம் தாழும்போது பெட்டி தானாக அணைந்து எழுவது நம் ஊரில் சகஜம். பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் (கேட்வே எண்ணை பிரவுசரில் தட்டினால் வருவது) ‘அப்டைம்’ என்று, எவ்வளவு நேரமாக அணையாமல் ஓடுகிறது என்று இருக்கும். காலையிலிருந்து மின்தடை இல்லாதபோதும் அது இருபது நிமிடம் என்று காட்டினால் அடாப்டரை மாற்றுங்கள். பழையதில் எழுதியிருக்கும் வோல்ட் அதே அளவு, ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ. அதே நிர்வாகப் பக்கத்தில் ஒளியின் பலமும் ‘ஆர்எக்ஸ் பவர்’ என்று டிபிஎம் அளவில் இருக்கும். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். மைனஸ் 27-ஐ நெருங்கினால் இணைப்பு விளிம்பில் நிற்கிறது. கேபிள் எங்கோ மடிந்திருக்கும், அல்லது முனை அழுக்காக இருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் நெட்காரர் மறுபேச்சில்லாமல் வருவார்.

இனி இரண்டாவது கோளாறு, வைஃபை அடையாளமே மறைவது.

இது மறைந்திருக்கும் நேரத்தில் ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரித்துப் பாருங்கள். வயர்லெஸ் அல்லது வைஃபை என்று பெயரில் வரும் கார்டு அங்கே இருக்கிறதா? பெயர் இருந்து பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் பெரும்பாலும் கோளாறு டிரைவரில், அதாவது கார்டை இயக்கும் மென்பொருளில். ஃபார்மட் செய்யும்போது விண்டோஸ் தன் கையில் இருந்த பொதுவான டிரைவரைப் போட்டிருக்கும். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து, அவர்கள் தரும் வைஃபை டிரைவரையே இறக்கிப் போடுங்கள். ‘எல்லா டிரைவரையும் தானாகப் புதுப்பிக்கிறேன்’ என்று வரும் இலவச மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள்.

பெயர் இருக்கிறது, முக்கோணமும் இல்லை என்றால், அந்தப் பெயரை இரட்டை கிளிக் செய்து ‘பவர் மேனேஜ்மென்ட்’ என்ற தாவலில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். சில புதிய லேப்டாப்புகளில் இந்தத் தாவலே இருக்காது, தேடி அலைய வேண்டாம். சார்ஜரைச் செருகியிருக்கும்போது வைஃபை மறைவதில்லை, பேட்டரியில் ஓடும்போது மட்டும் மறைகிறது என்றால் இந்த மின்சேமிப்புதான் காரணம் என்று கிட்டத்தட்ட சொல்லிவிடலாம்.

பட்டியலில் பெயரே இல்லையா? அப்படியானால் கார்டு லேப்டாப்பின் கண்ணுக்கே தெரியவில்லை, இருக்கையில் சரியாக உட்காராமல் இருக்கலாம். இங்கேதான் எஸ்எஸ்டி மாற்றியது எனக்கு உறுத்துகிறது. பல லேப்டாப்புகளில் எஸ்எஸ்டி செருகும் இடமும் வைஃபை கார்டும் அக்கம்பக்கம். வைஃபை கார்டு ஒரு தபால் தலை அளவுதான் இருக்கும். ஒரே ஒரு சின்னத் திருகாணி அதைப் பிடித்திருக்கும். அதன் மேல் மயிரிழை போல இரண்டு கம்பிகள், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை அல்லது சாம்பல், கடுகளவு பித்தளைத் தொப்பிகளோடு அழுத்தி மாட்டப்பட்டிருக்கும். அவைதான் ஆன்டெனா. பெரும்பாலான லேப்டாப்புகளில் அங்கிருந்து மூடியின் கீல் வழியாகத் திரையைச் சுற்றி மேலே போகும். எஸ்எஸ்டி மாற்றும்போது கை பட்டு ஒரு தொப்பி கழன்றுவிட்டால் சத்தம் எதுவும் வராது. லேப்டாப் எல்லா வகையிலும் நன்றாக இயங்கும். சிக்னல் மட்டும் பாதியாகிவிடும்.

இதைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். லேப்டாப்பை மாடி ரவுட்டருக்கு ஒரு மீட்டர் பக்கத்தில் வைத்து, கறுப்புத் திரையில் நெட்எஸ்ஹெச், டபிள்யூலேன், ஷோ, இன்டர்ஃபேசஸ் என்ற நான்கு சொற்களை இடைவெளி விட்டுத் தட்டுங்கள். முதல் இரண்டும் பார்க்க விசித்திரமாக இருக்கும்: என்-இ-டி-எஸ்-ஹெச், டபிள்யூ-எல்-ஏ-என். வரும் வரிகளில் ‘சிக்னல்’ என்பது சதவீதத்தில் இருக்கும். அவ்வளவு பக்கத்தில் தொண்ணூறுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஐம்பது, அறுபது என்று தடுமாறினால் ஆன்டெனா கம்பி கழன்றிருக்கலாம். மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைக்கும்போது அந்த எண் ஏறி இறங்கினால் கம்பி கீலில் நசுங்குகிறது. நீங்களாகத் திறக்க வேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செய்யும் வேலை அது. எஸ்எஸ்டி மாற்றிய அதே கடைக்குப் போய், “வைஃபை கார்டைக் கழற்றி மாட்டி, இரண்டு ஆன்டெனா கம்பியையும் அழுத்திவிடுங்கள்” என்று இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். சில நிமிட வேலை. மறுபடி ஃபார்மட் என்று ஆரம்பித்தால் லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கழன்ற கம்பி ஃபார்மட் செய்தால் மாட்டிக்கொள்ளாது.

ஃபார்மட் பற்றி ஒரு வார்த்தை. காரணம் தெரியாத எல்லாவற்றுக்கும் அதைச் செய்வது நம் கடைகளின் வழக்கமாகிவிட்டது. இரண்டு நாள் லேப்டாப் கையில் இருக்காது, உங்கள் பாடக் கோப்புகளில் பாதி எங்கே போயிற்றென்று தேட வேண்டியிருக்கும், வீட்டுக்கு வந்ததும் அதே கோளாறு. நெட்வொர்க் பிரச்சினைக்கு ஃபார்மட் முதல் மருந்தாக நியாயமே இல்லை. விண்டோஸ் அமைப்பிலேயே ‘நெட்வொர்க் ரீசெட்’ என்று ஒன்று இருக்கிறது. நெட்வொர்க் தொடர்பானதை மட்டும் துடைத்துப் புதிதாகப் போடும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும் என்பதால் அதையும் கடைசியில்தான் தொட வேண்டும்.

மாலையில்தான் அதிகம் போகிறதா, எந்நேரமுமா என்று நீங்கள் எழுதவில்லை. மாலையில் மட்டும் என்றால் அக்கம்பக்க வீடுகளின் வைஃபை நெரிசலும் சேர்ந்துகொண்டிருக்கலாம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். தெருவே அதில்தான் நிற்கிறது. மாடி ரவுட்டர் உங்கள் அறையிலேயே இருப்பதால், அதில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் லேப்டாப்பை அதில் மட்டும் இணையுங்கள். இல்லையென்றால் இந்த மூன்றில் காலியாக இருக்கும் சேனலைப் பிடித்துப் போடுங்கள். பாடப் பதிவுகளை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் சேமிக்கிறீர்கள் என்றால், அதை லேப்டாப்பை ஒட்டி வைக்காமல் கேபிள் எட்டும் வரை தள்ளி வையுங்கள். யூஎஸ்பி 3.0 சாதனங்களும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். 2012-இல் இன்டெல் நிறுவனமே இதை அளந்து வெளியிட்டிருக்கிறது.

எப்போது போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளக் கஷ்டமாக இருந்தால் விண்டோஸே எழுதி வைத்திருக்கிறது. சிஎம்டியை வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, முன்பு தட்டிய நான்கு சொற்களில் கடைசிச் சொல்லுக்குப் பதிலாக டபிள்யூலேன்ரிப்போர்ட் என்று ஒட்டித் தட்டுங்கள். கடந்த மூன்று நாளில் வைஃபை எப்போது இணைந்தது, எப்போது பிரிந்தது, என்ன காரணம் என்று ஒரு பக்கம் உருவாகும். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று திரையிலேயே காட்டும். சரியாக மணிக்கொரு முறை அறுகிறது என்றால் ரவுட்டரின் அமைப்பில் ஏதோ புதுப்பிக்கும்போது தடுமாறுகிறது. மூடியை மூடித் திறந்த பிறகு மட்டும் என்றால் மின்சேமிப்பு. இவற்றுக்கெல்லாம் பிறகும் பிடிபடவில்லையென்றால், அந்தப் பக்கத்தையும் ஏஆர்பி எடுத்த இரண்டு படங்களையும் எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.

அதுவரை வகுப்பு நிற்க வேண்டாம். லேப்டாப்பில் லேன் துளை இருந்தால், கீழிருந்து மாடிக்கு வரும் அந்தக் கேபிளையே ரவுட்டரிலிருந்து கழற்றி நேராக லேப்டாப்பில் செருகுங்கள். மாடி ரவுட்டரும் வழியில் இல்லை, வைஃபை கார்டும் வழியில் இல்லை. இரண்டு சந்தேகங்களையும் ஒரேயடியாகத் தாண்டிவிடுவீர்கள். முனையில் பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தால் மட்டும் லேசாக இழுத்தாலே கழன்றுவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். லேன் துளை இல்லாத மெல்லிய லேப்டாப் என்றால் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் நெட்டை லேப்டாப்புக்குத் தரும் டெதரிங்கைப் போடுங்கள். ஒரு மணி நேர வீடியோ வகுப்புக்கு அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேல் வரை ஆகும், எனவே போனின் டேட்டா பேக்கைப் பார்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள். ஹாட்ஸ்பாட் போட வேண்டாம், யூஎஸ்பிதான்; ஹாட்ஸ்பாட் என்றால் மறுபடியும் அதே வைஃபை கார்டைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.